மேகக் குமிழ்

முழுப் பெயர்? என்றார் குமாஸ்தா.
எட்டா ஸ்வெர்லிங், என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
பதினோரு வருடத்தில்
அந்தப் பெயரை யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்டதில்லை.
பக்கத்துக்கு இரண்டு டாலர், சனிக்கிழமை ஒரு கவர்,
கவரின் மேல் ‘எழுத்து’ என்று மட்டும் இருக்கும்.

நியூயார்க், ஐம்பத்தொன்று, பிப்ரவரி.
நீதிமன்ற ரேடியேட்டர்
விடாமல் இருமிக்கொண்டிருந்தது.
வழக்கு இதுதான்:
எங்கள் பாதரசப் பருந்தை
எதிர்த்தெருக் கம்பெனியின் வெண்கல வால்மீன்
காப்பியடித்ததா, இல்லையா.
இருவரும் பறக்கிறார்கள்.
இருவருக்கும் முகமூடி.
இருவர் முதுகிலும் படபடக்கிற துணி.

“சூப்பர் ஹீரோ என்றால் யார்?
மன்றத்துக்கு விளக்குங்கள், மிஸ் ஸ்வெர்லிங்”
என்றார் வக்கீல் ஹாஸ்கின்ஸ்.
கோமாளிக்குக் கோவணம் கட்டிவிடச் சொல்கிற குரல்.

முதுகுத் துணியா, என்றேன்.
அசையாத தாளில் வேகத்தைக் காட்ட
வேறு வழி தெரியாமல்
பென்சில்காரர் லூ கார்ஃபங்கல் கட்டிவிட்டது அது.
உடம்போடு ஒட்டிய சட்டையா?
மடிப்பு வரைய நேரமாகும்,
மடிப்புக்குக் கூலி கிடையாது.
சிவப்பும் நீலமும் வீரமில்லை ஐயா,
மலிவுத் தாளில் ஊறிப் பரவாத மை.
இதெல்லாம் வில்லனுக்கும் உண்டு.
போன மாத வில்லனுக்குத் துணி ஒரு முழம் அதிகம்.

நல்லது செய்வதா?
எங்கள் கட்டடத்து லிஃப்ட்காரர் மிஸ்டர் டூலன்
நாள் முழுக்க நல்லதுதான் செய்கிறார்.
பத்து சென்ட் கொடுத்து அவரை யாரும் வாங்குவதில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.

எனக்குத் தெரிந்தது குமிழ்கள்தான்.
கொள்ளைக்காரன், மேயர், பேப்பர் விற்கிற பையன்,
ஆளுக்கொரு குமிழ், வால் வாயைப் பார்த்து.
அவனுக்கு மட்டும் இரண்டு.
ஒன்று எல்லாரையும் போல.
இன்னொன்றுக்கு மேக விளிம்பு,
வாலுக்குப் பதில் சின்னச் சின்ன வட்டங்கள்,
தலையிலிருந்து நழுவி மேலே போகும்.

முதலாவதில் எழுதுவேன்:
‘மன்னியுங்கள் சார், தலை சுற்றுகிறது, வீட்டுக்குப் போகிறேன்.’
இரண்டாவதில்:
‘அணை உடைய நான்கு நிமிடம்.’
ஆபீஸே சிரிக்கும், பயந்தாங்கொள்ளி என்று.
அந்தச் சிரிப்பையும் நான்தான் போடவேண்டும்,
ஹா ஹா, தடித்த பேனாவில்.
அவனிடம் பதில் இருக்கிறது.
ஒரு வரி போதும், வாயடைத்துப்போவார்கள்.
மேகத்துக்குள் வைத்துக்கொண்டு
தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறான்.

லாரியைத் தூக்குவது லூவின் வேலை,
அதற்கு நாலு கோடு போதும்.
இது கனம், ஐயா. இடமே போதாது.
எழுத்தைச் சிறுக்கிச் சிறுக்கி
கண் போயிற்று எனக்கு.

“ஆட்சேபிக்கிறேன். அபிப்பிராயம்.”
“நீக்குங்கள்.”
சுருக்கெழுத்துப் பெண் ஒரு கோடு இழுத்தாள்.
கோடு கொஞ்சம் கோணல்.
தொழில்புத்தி, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புரூக்ளின் ரயிலில் எதிரே ஒரு பையன்,
காலணியில் பனிச்சேறு,
மடியில் அட்டை கிழிந்த புத்தகம்.
பார்த்தால் வெண்கல வால்மீன்.
எதிராளி சரக்கு.
எஸ் எழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் போடுகிற
யாரோ ஒருவரின் கை. பெயர் தெரியாது.
தங்கைக்கு உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான்,
வில்லனுக்கு ஒரு கர்ஜனை,
மேயருக்கு மூக்கால்,
வெடிச்சத்தத்துக்குப் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மேகம் வந்தது.
நிறுத்தினான்.
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
அவள் கம்பளித் தொப்பியை விலக்கி
காதுக்குள் சொன்னான்.

எனக்குக் கேட்கவில்லை.
இறங்கவேண்டிய நிறுத்தமும்
போய்விட்டிருந்தது.